முதலில் வாயில் வரும் சொல்

கரன்ட் போன இரவிலும் நீண்ட ரயில் பயணத்திலும் பைசா செலவில்லாமல் ஆடக்கூடிய விளையாட்டு இது. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்வார். அடுத்தவர் அதைக் கேட்டதும் மனதில் தோன்றியதைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் போவார். ‘மழை’ என்று ஆரம்பித்தால் குடை, வெயில், வடகம், மொட்டை மாடி, பட்டம் என்று எங்கேயோ போய் நிற்கும். விதி ஒன்றுதான்: யோசிக்கக் கூடாது.

யோசிக்காமல் சொல்வதால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். உண்மையில் யோசிக்காமல் சொல்லும்போதுதான் நாம் அடுத்து என்ன சொல்வோம் என்பதை மற்றவர்கள் எளிதாகக் கணித்துவிடலாம். ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்களாக இதை அளந்து பார்த்து வருகிறார்கள்.

முதலில் அளந்தவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். ‘தகுதியானவர்கள்’ மட்டுமே பிள்ளை பெற வேண்டும் என்கிற இனமேம்பாடு என்ற விஷமான கொள்கையைக் கிளப்பிவிட்டவரும் இவரே. அது தனிக் கதை. 1879-ல் அவர் 75 சொற்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து, மனதில் எழுந்த எண்ணங்களையும் அதற்கான நேரத்தையும் குறித்தார். சோதிக்கப்பட்டவரும் அவரேதான். சுமார் ஒரு மாத இடைவெளி விட்டு விட்டு அதே பட்டியலுடன் நான்கு முறை உட்கார்ந்தார். 660 விநாடிகளில் 505 எண்ணங்கள் வந்தன. ஒன்றுக்கு ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவற்றில் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டவை 289 மட்டுமே. மிச்சமெல்லாம் வந்ததே திரும்ப வந்தவை. எத்தனையோ விஷயங்கள் நடமாடும் இடம் என்று தன் மனதைப் பற்றி நினைத்திருந்தவருக்கு இது ஏமாற்றம்தான். எண்ணங்களில் கணிசமான பங்கு சிறுவயதிலிருந்தும் இளமையிலிருந்தும் வந்திருந்தது. பட்டியல் முழுவதையும் அவர் வெளியிடவில்லை. ஒரு மனிதன் ஊருக்குக் காட்ட விரும்பும் அளவைத் தாண்டி அது அவன் மனதைக் காட்டிவிடும் என்பது அவர் கருத்து.

ஒருவருடைய மனதே இப்படித் திரும்பத் திரும்பப் பேசுகிறது என்றால் ஊர் முழுக்கக் கேட்டால்? அமெரிக்காவில் கென்ட், ரோசனாஃப் என்ற இருவர் 1910-ல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரிடம் 100 சொற்களைக் கொடுத்து முதலில் தோன்றுவதைக் கேட்டிருந்தார்கள். ‘மேசை’ என்றதும் 267 பேர் ‘நாற்காலி’ என்றார்கள். அகராதியில் இருக்கும் அத்தனை சொற்களையும் விட்டுவிட்டு நாலில் ஒருவருக்கு மேல் ஒரே சொல்லில் போய் விழுந்தார்கள். நம் வீடுகளில் ‘உப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘புளி’யோ ‘காரம்’மோ வராமல் எத்தனை பேர் தப்பிக்கிறார்கள் என்று பார்க்கலாம். இதோடு இன்னொன்றும் உண்டு. பலரும் சொல்லும் பதில்தான் சீக்கிரமாகவும் வருகிறது. இதை ஜெர்மனியில் தும்ப், மார்பெ என்ற இருவர் 1901-லேயே காட்டிவிட்டார்கள்.

சரி, மண்டைக்குள் என்ன நடக்கிறது? நம் நினைவில் சொற்கள் அகராதியைப் போல அகர வரிசையில் அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் வேறு பல சொற்களோடு பிணைந்திருக்கிறது. சில பிணைப்புகள் பலமானவை, சில நூலிழை. ஒரு சொல்லைக் கேட்டதும் அது விழித்துக்கொள்கிறது, அதோடு பிணைந்தவையும் ஓரளவு விழிக்கின்றன. தெருவில் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்களே, அதுபோல. எட்டிப் பார்த்தவற்றில் எது முதலில் போதுமான பலம் பெறுகிறதோ அது வாய்க்கு வருகிறது. காலின்ஸ், லாஃப்டஸ் இருவரும் 1975-ல் விரிவாக முன்வைத்த இந்தக் கொள்கை, சில திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்படி எட்டிப் பார்ப்பது வெறும் கற்பனை இல்லை. 1971-ல் மேயர், ஷ்வானவெல்ட் இருவரும் திரையில் எழுத்துக் கோவைகளைக் காட்டி, இது நிஜச் சொல்லா என்று மட்டும் கேட்டார்கள். ‘ரொட்டி’யோடு ‘வெண்ணெய்’ வந்தபோது, சம்பந்தமில்லாத சொல்லோடு வந்தபோது ஆனதைவிட விரைவாகப் பதில் வந்தது. யாரும் அர்த்தத்தை இணைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ‘ரொட்டி’ ஏற்கெனவே ‘வெண்ணெயை’ அரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டிருந்தது.

இரண்டு பொருள் உள்ள சொற்களில்தான் சுவாரசியம் கூடுகிறது. ‘மாலை’ என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு முன் ‘கல்யாணம்’ வந்திருந்தால் உங்கள் பதில் ‘பூ’ பக்கம் போகும். ‘காலை’ வந்திருந்தால் ‘டிஃபன்’ பக்கம் போகும். அப்படியானால் தேவையில்லாத பொருள் தலைகாட்டுவதே இல்லையா? டேவிட் ஸ்வின்னி 1979-ல் ஆங்கிலச் சொற்களை வைத்து சோதித்தபோது, இரண்டு பொருளுமே ஒரு கணம் விழிப்பது தெரிந்தது. அடுத்த சில அசைகளுக்குள் பேச்சுக்குப் பொருந்தாத பொருள் அமுங்கிவிடுகிறது. வேகமாக ஆடும்போது எங்கிருந்தோ ஒரு பதில் குதிப்பதற்கும் பிறகு சபையே சிரிப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வயதும் இதில் விளையாடுகிறது. ‘நாய்’ என்றால் சின்னப் பிள்ளைகள் ‘குரைக்கும்’ என்பார்கள், பெரியவர்கள் ‘பூனை’ என்பார்கள். பிள்ளைகள் வாக்கியத்தை முடித்து வைக்கிறார்கள். பெரியவர்கள் அதே இனத்தைச் சேர்ந்த சொல்லைத் தேடுகிறார்கள். இந்த மாற்றம் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்குள் நடக்கிறது. பள்ளிக்குப் போகும் பேரனும் பாட்டியும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் இதை நேரிலேயே பார்க்கலாம்.

தாமதத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் சூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் கார்ல் யுங், 1900-களின் தொடக்கத்தில் இதையே சிகிச்சைக் கருவியாக்கினார். 100 சொற்கள், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். சில சொற்களுக்கு மட்டும் நோயாளி தயங்குவார், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார், அல்லது இரண்டாவது சுற்றில் முதலில் சொன்ன பதிலை மறந்திருப்பார். அந்த இடத்தில் மனதில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று யுங் கணித்தார். தயக்கத்துக்கும் உணர்ச்சிக்கும் தொடர்பு இருப்பது மெய்தான். ஆனால் அரிதான சொல்லுக்கும் தாமதமாகத்தான் பதில் வரும். கேட்டவருக்குப் பசி இருந்தாலும் வரும். ஆகவே ‘நாத்தனார்’ என்றதும் அண்ணி இரண்டு விநாடி மௌனமாக இருந்ததை வைத்து யாரும் வழக்கு தொடர வேண்டாம்.

நெருங்கியவர்களோடு ஆடும்போது இன்னொரு வேடிக்கை. செக் நாட்டின் விளாடா க்வாடில் உருவாக்கி 2015-ல் வெளிவந்த ‘கோட்நேம்ஸ்’ இந்த விளையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். மேசையில் 25 சொற்கள் இருக்கும். தலைவர் ஒற்றைச் சொல்லைக் குறிப்பாகக் கொடுத்து, தன் அணிக்கான சொற்களை மட்டும் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். கணவன் மனைவி ஒரே அணியில் இருந்தால் ஜெயம் நிச்சயம் என்றுதான் நினைப்போம். ‘திருச்செந்தூர்’ என்று அவர் சொன்னால் எனக்குத் தெரியாதா, பஸ்ஸைத் தவறவிட்டோமே அந்த நாள்! ஆனால் அந்த அம்மா நினைத்தது கடலாக இருக்கும். சாவிட்ஸ்கி, கீஸார், எப்லி குழுவினர் 2011-ல் வெளியிட்ட சோதனைகளில் இதே கோளாறு தெரிந்தது. பல பொருள் தரும் வாக்கியங்களைத் துணைவரிடம் சொன்னவர்கள், தாங்கள் நினைத்தது அவருக்குப் புரிந்துவிடும் என்று தேவைக்கு மேல் நம்பினார்கள். அந்நியரிடம் பேசும்போது அவர் பக்கமிருந்து கொஞ்சம் யோசிக்கிறோம். நம்மவரிடம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. பழைய நினைவுகள் பொதுவாக இருப்பது லாபமே. அந்த நினைவுகளில் எது அந்த நிமிடம் மேலே நிற்கிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

விளையாட்டைத் தலைகீழாக்கியும் பார்க்கலாம்: முந்தைய சொல்லோடு துளியும் சம்பந்தமில்லாததைச் சொல்ல வேண்டும். கேட்கச் சுலபம், ஆடினால் திணறல். எட்டிப் பார்க்கும் சொற்களையெல்லாம் முதலில் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். அதற்குள் நேரம் போய்விடும். ஒன்றுக்கொன்று முடிந்தவரை விலகிய 10 பெயர்ச்சொற்களை எழுதச் சொல்லிப் படைப்பாற்றலை அளக்கும் ஒரு தேர்வு 2021-ல் வந்தது. விலக விலக மதிப்பெண் கூடும்.

கடைசியாக, வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று. இந்தச் சொற்களை மெதுவாக வாசியுங்கள்: மெத்தை, தலையணை, கனவு, கொட்டாவி, போர்வை, களைப்பு, குறட்டை, விழிப்பு, இரவு, ஓய்வு, பாய், தாலாட்டு. வாசித்து முடித்ததும், நினைவிருப்பதை எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். சிலர் ‘தூக்கம்’ என்றும் எழுதுவார்கள். அது பட்டியலிலேயே இல்லை. ரோடிகர், மெக்டர்மாட் இருவரும் 1995-ல் இப்படிப்பட்ட பட்டியல்களைக் கொடுத்தபோது, வாசிக்கப்படாத அந்த நடுச் சொல் முதல் சோதனையில் 40 சதவீதமும், அடுத்ததில் 55 சதவீதமும் நினைவுகூரப்பட்டது. பலர் அதைக் காதால் கேட்டதாகவே உறுதியாகச் சொன்னார்கள். பன்னிரண்டு சொற்களும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டி எழுப்பியதில், சொல்லாத சொல் சொன்னதுபோலவே விழித்துக்கொண்டது. பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் அடித்துச் சொல்லும்போது, வாசித்த உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.