முன்பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

கொற்கை முத்து கப்பலேறிய காலத்திலிருந்தே தாமிரபரணிக் கரைக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும் போக்குவரத்து உண்டு. இன்று கலைஞர்களை அரசு சார்பில் வெளிநாட்டுக்கு அனுப்புவது ஐ.சி.சி.ஆர். எனப்படும் இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சில். 1950-இல் தொடங்கியது, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் கலைஞர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பயணம் உறுதி என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். பட்டியல் தகுதிக்குத்தான், அழைப்பு தனியாக வர வேண்டும்.

நம் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகாட்ட செட்டுகள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருந்து யாரோ தனியாகக் கூப்பிடுவார்கள். முன்பணம் வந்துவிடும், அதை நம்பிக் கோயில் கொடைக்காலச் சோலியையும் கலைஞர்கள் விட்டுவிடுவார்கள். கடைசியில் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். காரணம், பாஸ்போர்ட்டில் உள்ள ஈ.சி.ஆர். என்ற குறிப்பு; 'குடிபெயர்வுச் சோதனை தேவை' (Emigration Check Required) என்று அர்த்தம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இது விழும். இது இருப்பவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, எமிரேட்ஸ், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இலங்கையும் சிங்கப்பூரும் இல்லை. "நாங்க என்ன கூலி வேலைக்கா போறோம்?" என்று கேட்டுப் பயனில்லை. சினிமா, கண்காட்சி, கேளிக்கை தொடர்பான வேலைகளையும் அந்தச் சட்டம் 'வேலை' என்றே சொல்கிறது.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டையைக் காட்டினால் ஈ.சி.ஆர். குறிப்பு நீங்காது. மாவட்டக் கலை மன்றம் தந்த கலை நன்மணி விருதைக் காட்டினாலும் நீங்காது. முப்பது வருடம் மகுடப் பறை அடித்த கைக்கு விலக்குப் பட்டியலில் இடமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்பு டி.சி.யும், பத்தாவதில் தவறிய மார்க் ஷீட்டும் செல்லாது. 50 வயது கடந்தவருக்கும் வருமான வரி கட்டுபவருக்கும் விலக்கு உண்டு. ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் குறிப்பு தானாக மறையாது. அதை நீக்க மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஆவணங்களைக் கொடுக்கலாம். கோப்பு மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். ஆள்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பெயர்தான். மார்க் ஷீட்டில் 'சு. இசக்கியம்மாள்', ஆதாரில் 'இசக்கி', பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரோடு இன்னொரு விதமாக. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும்; கவுண்ட்டரில் அது எடுபடாது. முதலில் ஆதாரைப் பள்ளிச் சான்றோடு ஒத்துப்போகும்படி திருத்திவிட்டு, அப்புறம் நேரம் பதிவு செய்யுங்கள்.

கரகம் ஆடும் பெண்கள் கவனிக்க: ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் 30 வயது நிறையாத பெண்ணுக்கு அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கிடைக்காது. எந்த ஏஜெண்ட் "பார்த்துக்கிடலாம்" என்றாலும் நம்பாதீர்கள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுதித் தேறுவதுதான் நிலையான வழி.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள மற்றவர்கள், குடிபெயர்வுக்கான அரசின் இணையதளமான இ-மைக்ரேட்டில் விண்ணப்பித்து, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் வழியாக அனுமதி வாங்கலாம். கட்டணம் 200 ரூபாய். 10 லட்சம் ரூபாய்க்கான காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். ஒப்பந்தம், விசா, கூப்பிடுபவரின் விவரம் எதில் குறைந்தாலும் கோப்பு நின்றுவிடும். நாள் நெருங்கிய பின் தொடங்காதீர்கள்.

இந்த அலைச்சலைக் காட்டித்தான் "டூரிஸ்ட் விசாவில் வாங்க, போதும்" என்பார்கள். டூரிஸ்ட் விசாவில் போய்ச் சம்பளத்துக்கு ஆடினால் முதலில் மாட்டுவது ஆடியவர்தான். மலேசியாவில் வெளிநாட்டுக் கலைஞரின் மேடை நிகழ்ச்சிக்குப் புஸ்பால் என்ற அமைப்பின் அனுமதி வேண்டும். அங்கே நிகழ்ச்சி நடத்துபவர்தான் அதை வாங்க வேண்டும். அந்த அனுமதியின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். செட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். உருமிக்காரர் பெயர் விடுபட்டிருந்தால் அவர் போக முடியாது.

நடுவில் நின்று வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கப் பதிவு பெற்ற ஏஜெண்டுக்கு மட்டுமே உரிமை. பெயரை இ-மைக்ரேட்டிலேயே பார்க்கலாம். அவர் வாங்கும் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் உச்ச வரம்பு, ரசீதோடு. பாஸ்போர்ட்டை அவர் கையில் விட்டு வைக்காதீர்கள்.

பெட்டி கட்டும்போது மயிலாட்ட உடையை எடுத்து வெளியே வையுங்கள். மயில் தோகையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. உடும்புத் தோல் கட்டிய கஞ்சிராவும் வேண்டாம், அது வனவிலங்குச் சட்டத்தில் வழக்காகும். ஆட்டுத்தோல் கட்டியதை எடுத்துச் செல்லுங்கள். தோகைக்குத் துணியிலோ காகிதத்திலோ மாற்று செய்துகொள்ளுங்கள்.