குறட்டை நின்றால் கோழிக்குக் குணமாகிவிட்டது என்று பொருளல்ல

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் கால்நடை மருந்தகத்துக்கு அட்டைப்பெட்டிகளில் கோழிக்குஞ்சுகள் வரத் தொடங்கிவிடும். ஆறு முதல் எட்டு வார வயதுள்ள குஞ்சுகள். கண்ணோரத்தில் நுரை, மூக்கில் நீர், மூச்சு விடும்போதெல்லாம் ‘கொர்’ என்ற சத்தம். “ஒரு மாதமாகச் சளி போகவே இல்லை டாக்டர்” என்பார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் மாத்திரையில் பாதி, அதுவும் இரண்டு நாள். சத்தம் குறைந்ததும் நிறுத்திவிட்டு, திரும்ப வந்ததும் வேறொரு மாத்திரை. இந்த வாரமும் இதே கதையைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில், இது மனிதர்களுக்கு வருகிற, தானே வந்து தானே போகிற சளி அல்ல. வாரக்கணக்கில் இழுக்கும் இந்தக் குறட்டைக்குப் பெரும்பாலும் காரணம் மைக்கோபிளாஸ்மா காலிசெப்டிகம் என்னும் நுண்ணுயிரி. இதற்குச் செல்சுவர் கிடையாது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவரைச் சிதைத்தே கிருமியைக் கொல்பவை. இல்லாத சுவரை எதைக் கொண்டு சிதைப்பது? உடன் சேர்ந்த வேறு கிருமிகள் சற்று அடங்குவதால் இரண்டு நாள் சத்தம் குறையலாம். அடிப்படை நோய் அப்படியே இருக்கும். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்ற சரியான மருந்துகளை எடையறிந்து, முழு நாட்களுக்கும் கொடுத்தால் குஞ்சு தேறும். ஆனால் கிருமி அதன் உடலைவிட்டு முற்றிலும் நீங்குவதில்லை. இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். நன்றாகத் தீனி எடுத்து, கூவிக்கொண்டு திரியும் அந்தச் சேவல்தான், மழையிலோ வெயிலிலோ தீவன மாற்றத்திலோ உடல் சோரும்போது மீண்டும் இருமி, பக்கத்துக் குஞ்சுக்கும் நோயைக் கொடுக்கிறது. தேறிய பெட்டையின் முட்டை வழியாகவும் கிருமி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆகவே குணமானவற்றை வளர்க்கலாம், உண்ணலாம். அவற்றின் முட்டையை மட்டும் அடைவைக்காதீர்கள்.

குறட்டையெல்லாம் மைக்கோபிளாஸ்மாவும் அல்ல. முகம் ஒருபக்கமாக வீங்கி, மூக்கொழுகல் துர்நாற்றம் வீசினால் அது கொரைசா என்னும் வேறொரு பாக்டீரியா நோய். சத்தமே இல்லாமல் இளங்குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கூண்டில் விரித்த உமியிலும் தீவனத்திலும் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, அடுத்தடுத்து மடிந்தால் அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் நோய். காரணம் தெரியாமல் கூட்டமாகச் செத்தால் கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குறட்டை கேட்டவுடன், அந்த நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்தை வாங்கி, இருமும் குஞ்சின் கண்ணிலேயே விடுகிறார்கள். அது உயிருள்ள தடுப்பு மருந்து; சிகிச்சை அல்ல. நோயுற்ற மூச்சுக்குழாயில் அது நிலைமையை மோசமாக்கவே செய்யும். நலமாக இருக்கும்போது, முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுங்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் ஊசி இலவசம். அதற்கும் வராமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

குளிருக்குப் பயந்து கூண்டை நாற்புறமும் தார்ப்பாயால் இறுக மூடுவது அடுத்த கொடுமை. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி, மூச்சுக்குழாயில் கிருமியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. குனிந்து, குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் அவற்றின் நிலை என்ன? காற்று குஞ்சின் மேல் நேராக வீசாதபடி கீழ்ப்பகுதியை மறையுங்கள். மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். ஈர உமியை அன்றன்றே அள்ளுங்கள்.

சந்தையில் வாங்கிய குஞ்சை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். மூன்று நான்கு வாரமாவது தனியே வைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தையும் தனியாக்கி, பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். துளசி, கற்பூரவல்லி, சின்ன வெங்காயம் கொடுப்பதை நான் தடுக்கவில்லை. அதைக் கொடுத்துக்கொண்டு ஒரு மாதம் காத்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மருந்து கலந்த தண்ணீர் தரும் நாட்களில் வேறு தண்ணீர் வைக்காதீர்கள். மருந்து முடிந்த பின்னும் எத்தனை நாள் முட்டையும் கறியும் உண்ணக் கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த முட்டையைச் சாப்பிடுவது உங்கள் பிள்ளைகள்தான்.

தயவுசெய்து முதல் குஞ்சு குறட்டை விடும்போதே வாருங்கள். கூட்டமாகச் சாகாமல் ஒன்றிரண்டு மட்டும் இறந்திருந்தால் புதைத்துவிடாமல், உறையில் கட்டி அன்றைக்கே கொண்டுவாருங்கள். அறுத்துப் பார்த்தால் காற்றுப்பைகளின் நிலை எங்களுக்கு நிறையச் சொல்லும். இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் மறைக்காமல் எடுத்து வாருங்கள்.