பச்சைப் பூவரசில் கரண்டி வரும், பிள்ளையார் வராது

மின்கம்பியில் உரசுகிறது என்று எங்கள் கொல்லைப் பூவரசின் ஒரு கிளையைப் போன மாசியில் இறக்கினோம். தொடைப் பருமன் இருக்கும். வெட்டுமுகத்தில் சுற்றிலும் வெளிர் மஞ்சள், உள்ளே சாக்லேட் நிறத்தில் வைரம் பாய்ந்த நடுமரம். தொட்டால் விரல் நனைந்தது. விறகுக்குப் போட மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய வருடம் ஒரு மாங்கட்டையை முழு உருளையாகவே நிறுத்திப் பிள்ளையார் செதுக்கியிருந்தேன். முடித்த மூன்றாம் வாரம் நெற்றியிலிருந்து தொந்தி வரை பிளந்தது, விரல் நுழையும் அகலத்துக்கு. அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன். உளி கூராகத்தான் இருந்தது, கட்டையிலும் பூச்சியோ முடிச்சோ இல்லை. அந்தக் கட்டைக்கு அந்த உருவம் பொருந்தாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

கொண்டைக்கடலை ஊறவைத்த பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கடலையைச் சுற்றி நிற்கும் தண்ணீர் ஒன்று, கடலைக்குள் ஊறிய தண்ணீர் ஒன்று. முதலாவதை வடித்துவிட்டால் கடலை அப்படியேதான் இருக்கும். உள்ளே ஊறியது போனால்தான் சுருங்கும். வெட்டி ஈரம் காயாத பச்சை மரமும் இப்படித்தான். செல்களின் குழிக்குள் நிற்கும் நீர் முதலில் போகும். எடை குறையும், அளவு மாறாது. அப்புறம் செல்சுவருக்குள் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால், ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்தக் கட்டம் வரும். சுருக்கமும் வெடிப்பும் எல்லாம் அதற்குப் பிறகுதான். வெட்டிய முதல் சில நாட்கள் கட்டை சாதுவாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை என்பதுதான் விஷயமே. செல்சுவரின் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. இழைகளுக்கு நடுவிலுள்ள நீர் போனதும் அவை பக்கவாட்டில் நெருங்கும், நீளம் அவ்வளவாகக் குறையாது. அதனால் நீளவாக்கில் 0.1 சதவீதம் போலத்தான் சுருக்கம். குறுக்கே கதை வேறு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் பல மரங்களில் 4 சதவீதம் என்றால், வெட்டுமுகத்தில் தெரியும் வளையத்தின் சுற்றுவாக்கில் 8 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர் போன்ற திசுக்கள் அந்தத் திசையில் மரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முழு உருளையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றளவு சுமார் 63 சென்டிமீட்டர். ஆரம் 4 சதவீதம் குறைந்தால் சுற்றளவு இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் போதும். ஆனால் சுற்றுவாக்கில் மரம் ஐந்து சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கிறது. மிச்சம் இரண்டரை சென்டிமீட்டருக்கு எங்கே போவது? அதுதான் வெடிப்பாகத் திறக்கிறது. என் பிள்ளையாருக்கு நடந்தது இதுதான். வருடக்கணக்கில் காயவைத்திருந்தால் உடையாது என்றும் சொல்ல முடியாது. வளையங்களின் மையமான நடுப்புள்ளி உள்ளே இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது.

அதே உருளையை நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். அரை உருளைக்குச் சுருங்க இடம் உண்டு. விரித்த விசிறியைக் கொஞ்சம் மடக்கினதுபோல இரண்டு பக்கமும் லேசாக நெருங்கும், தட்டையான முகம் சற்றுப் புடைக்கும், அவ்வளவுதான். பச்சைக் கட்டையில் எதைச் செய்யலாம் என்பதற்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம்: நடுப்புள்ளி பொருளுக்குள் வரக் கூடாது, பொருள் மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியதென்றால் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே காய்ந்துவிடும். கனமான கட்டையில் வெளித்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரமாக உப்பியிருக்கும். அந்த இழுபறியே தனியாக ஒரு வெடிப்பைக் கொண்டுவரும்.

ஆக, கரண்டி, தோசைத் திருப்பி, சின்னக் கிண்ணம், தட்டு எல்லாம் சரி. பூவரசு இதற்கென்றே பிறந்த மரம் என்பேன். சுருக்கம் குறைவு, சாப்பாட்டில் வாடையோ ருசியோ இறங்காது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்கிறார்கள். அங்கே பழங்காலத்திலிருந்தே உணவுக் கிண்ணங்களை இதிலும் குடைந்தார்கள். கொய்யாவில் உண்டிவில்லுக்குக் கவட்டை வெட்டாத பையன்கள் நம் ஊரில் குறைவு. நடுப்புள்ளி அதற்குள் இருந்தாலும் கவட்டை பெரும்பாலும் வெடிக்காது, ஏனென்றால் விரல் பருமனில் சுருக்கம் மொத்தமே மில்லிமீட்டர் கணக்குதான். மாமரத்தின் வெளிறிய பகுதியைப் பூஞ்சை சீக்கிரம் நீலமாக்கிவிடும், அதனால் வெட்டிய வாரமே வேலையைத் தொடங்க வேண்டும். முருங்கையை விட்டுவிடலாம், அதில் உளிக்கு வேலையே இல்லை. அரளியை மட்டும் எதற்கும் தொடாதீர்கள். மரம், இலை, பால் எல்லாமே நஞ்சு. அந்தக் குச்சியில் கரண்டி வேண்டாம், கபாபுக் குச்சியும் வேண்டாம்.

எல்லாப் பொருளுக்கும் பச்சை மரம் ஆகாது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வருகிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். நீளக் குழலைக் கடைந்தபிறகு மரம் நெளிந்தால் சுருதி போய்விடும். வருடக்கணக்கில் வீட்டுக் கூரையில் இருந்த மரம் சுருங்க வேண்டியதையெல்லாம் சுருங்கி முடித்திருக்கும்.

பூவரசுக்கு வருவோம். கிளையை ரம்பத்தால் நீளவாக்கில் அறுக்கவில்லை, ஆப்பு வைத்துப் பிளந்தேன். பிளந்தால் கட்டை நாரின் போக்கிலேயே பிரியும். கரண்டியின் காம்பில் நார்கள் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும். நடுப்புள்ளியை ஒட்டிய விரல் பருமன் பகுதியைச் சீவி எறிந்தேன். பச்சையில் உளி வெண்ணெயில் போவதுபோலப் போகிறது: நீர் ஊறிய செல்சுவர் இளகியிருப்பதால் பல மரங்களில் பலம் காய்ந்த மரத்தில் பாதிதான் இருக்கும். முழு வடிவத்துக்குக் கொண்டுபோகாமல், கரண்டிக் குழியைச் சற்றுத் தடிமனாகவே விட்டு, அதன் சீவலிலேயே புதைத்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் வைத்தேன். நார் முனை வழியாக நீர் மிக வேகமாக ஓடுவதால் முனைகள்தான் முதலில் வெடிக்கும். சீவல் அந்த வேகத்தை மட்டுப்படுத்துகிறது. தினமும் சமையல் தராசில் வைத்துப் பார்ப்பேன். முதலில் எண் மளமளவென்று இறங்கும், அப்புறம் தயங்கும், ஒரு நாள் நின்றுவிடும். நின்றதும் இறுதிச் செதுக்கல், உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் இறுகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகி மேலே படலமாகும்.

உடனே செதுக்க முடியாத கட்டையை என்ன செய்வது? தண்ணீரில் போட்டுவைக்கலாம். நீருக்குள் இருக்கும் மரம் காயாது, காயாத மரம் வெடிக்காது. காஞ்சிபுரத்தில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதரை 2019இல் 48 நாள் வெளியே எழுந்தருளச் செய்தபோது, நாற்பது ஆண்டு நீருக்குள் இருந்த அத்தி மரத் திருமேனியை வியந்து தரிசித்தவர்களில் நானும் ஒருவன். மரவேலை பழகின கண்ணுக்கு அது இன்னொரு விதத்திலும் வியப்பு.

கிளையின் மறுபாதி இப்போது கிணற்றடித் தொட்டியில் மூழ்கிக் கிடக்கிறது. அம்மா மோர் கடைய ஒரு மத்து கேட்டிருக்கிறார். அதன் தலையை முழுக் கிளையில் வட்டமாகக் கடைந்தால் பிள்ளையார் கதைதான். பட்டையோரக் கீற்று ஒன்றிலிருந்து எடுக்கப் போகிறேன்.