திரையில் ஒரு கடல், வெளியே ஒரு கடல்: போலி ஜிபிஎஸ் சிக்னல் எப்படி ஏமாற்றுகிறது?

ராமேஸ்வரத்திலிருந்து வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு, மீன்பிடிக்கப் போகும் விசைப்படகில் டிரைவர் அடிக்கடி பார்ப்பது ஜிபிஎஸ் திரையைத்தான். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது, திரையில்தான் தெரியும். தாண்டினால் கைது, படகு பறிமுதல். அந்தத் திரையைப் பொய் சொல்ல வைக்க முடியும் என்பதுதான் கவலை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து ஓயாமல் நேரத்தை ஒலிபரப்புகின்றன. சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரமானது என்று பார்த்து, கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போய்விடும். ஆகவே நேரம் இம்மி பிசகினாலும் இடம் எங்கோ போய்விடும். அத்தனை தூரம் கடந்து வரும் சிக்னல் மிகமிகப் பலவீனமானது. பொதுமக்களுக்கான சிக்னலின் அமைப்பு ரகசியமும் அல்ல, யார் வேண்டுமானாலும் அதே போல ஒன்றை உருவாக்கலாம்.

இப்படிப் போலி சிக்னல் அனுப்பி ஏமாற்ற நினைப்பவர் எடுத்த எடுப்பில் பொய் சொல்லமாட்டார். முதலில் அசலோடு அப்படியே ஒத்துப்போகும் போலியை அனுப்பி, மெல்ல வலுவைக் கூட்டுவார். கருவி வலுவானதைப் பற்றிக்கொள்ளும். பிறகு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார். படகு மேற்கே ஒதுங்குவதாகத் திரை காட்டும், டிரைவர் கிழக்கே திருப்புவார். நேராகப் போகிறோம் என்ற நம்பிக்கையிலேயே எல்லையைத் தாண்டிவிடுவார். 2013-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, உரிமையாளரின் அனுமதியோடு, மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுப் படகை இப்படித் திசைதிருப்பிக் காட்டியது. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த சுமார் 20 கப்பல்கள், கரையிலுள்ள விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் திரைகளில் கண்டன.

படகுக்காவது கண் இருக்கிறது. ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். வானம் தெளிந்திருந்தால் அதன் உச்சி 60 கி.மீ. தாண்டியும் அடிவானத்துக்கு மேலேயே இருக்கும். திரையும் கோபுரமும் முரண்பட்டால் கோபுரத்தை நம்பலாம்.

செல்போன் டவருக்கு அந்த வசதி இல்லை. மண்டபத்திலோ தொண்டியிலோ நிற்கும் டவரும் செயற்கைக்கோளிடம் கேட்பது நேரத்தைத்தான். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் 4ஜி, 5ஜி டவர்கள், பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் ஒரு டவர் பேசும் வேளையில் பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும், இரண்டும் மோதும். ஒரு கேபிளையும் அறுக்காமலே, புயல் எச்சரிக்கை போக வேண்டிய நேரத்தில் கரையோரத்தின் போன்களை முடக்கிவிட இது போதும். படகு ஏமாறுவதைவிட எனக்கு இதுவே பெரிய அச்சம்.

தடுப்பு என்ன? ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள் அமைப்பு தன் செய்தியோடு ஒரு மின்னணு முத்திரையை அனுப்புகிறது. அதைச் சரிபார்க்கும் சாவியைச் சற்று நேரம் கழித்தே வெளியிடுகிறது. செய்தி வரும் கணத்தில் சாவி வெளியார் யாரிடமும் இல்லாததால் முத்திரையைப் போலியாகச் செய்ய முடியாது. ஆனால் அசல் சிக்னலையே பிடித்து, தாமதப்படுத்தி மறுபடி ஒலிபரப்பினால் முத்திரை சரியாகவே இருக்கும். அந்தத் தாமதத்தைக் கண்டுபிடிக்க, வானத்தை நம்பாத நல்ல கடிகாரம் ஒன்று தரையில் வேண்டும்.

கடிகாரத்தில் நாம் அடிபட்டிருக்கிறோம். ஜிபிஎஸ் போல இந்தியா உருவாக்கிய நாவிக் அமைப்புக்காக 2013-ல் ஏவிய முதல் செயற்கைக்கோளில், வெளிநாட்டில் வாங்கிப் பொருத்திய மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் செயலிழந்தன. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோள் முதன்முறையாக உள்நாட்டு ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. செயற்கைக்கோளுக்குச் செய்யத் தெரிந்த நாடு, கரையோர டவர்களின் அடியிலும் அப்படியொன்றை வைக்க வேண்டும். ஃபைபர் வழியாக வரும் நேரமும் அதனோடு சேர்ந்தால், போலி சிக்னல் நகர்த்தத் தொடங்கும்போதே டவர் அதை ஒதுக்கிவிட்டுத் தன் கடிகாரத்தில் ஓடலாம்.