பழைய பிக்கப்பின் ஸ்டீயரிங்குக்குள் கசிந்த உப்பு

2015 டிசம்பர். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் ஒருவர் தனது 2006 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் போய்க்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பசு. வண்டி அதன்மேல் மோதியது, ஸ்டீயரிங்கிலிருந்த ஏர்பேக் விரிந்தது. உயிரைக் காக்க வேண்டிய அந்தப் பையோடு கிழிந்த உலோகத் துண்டு ஒன்றும் சீறி வந்தது. அவர் உயிரைப் பறித்தது அந்தத் துண்டுதான்.

2017 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவில் இன்னொரு மரணம். அதே ஆண்டு மாடல் ரேஞ்சர், அதே விதமான சாவு. இரண்டு வண்டிகளின் ஏர்பேக்குகளுக்குள் இருந்த உலோகக் குப்பிகளும் ஒரே நாளில் செய்யப்பட்டவை என்று ஃபோர்டு நிறுவனம் பிற்பாடு சொன்னது. செய்தவர்கள் டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தார்.

ஒரு பாதுகாப்புக் கருவி பத்து வருடம் சும்மா கிடந்து எப்படிக் கொலைக் கருவியாக மாறுகிறது? அதைப் புரிந்துகொள்ள ஏர்பேக்குக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏர்பேக் என்றதும் ஏதோ பம்பு வைத்துக் காற்றடிப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கெல்லாம் நேரமே கிடையாது. வண்டி மோதியதை சென்சார் உணர்வது முதல் பை முழுதாக விரிவது வரை எல்லாமே ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும். கண் இமைக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். இவ்வளவு வேகத்தில் இவ்வளவு வாயு வேண்டுமென்றால் எதையாவது எரித்துத்தான் உண்டாக்க முடியும். அதனால் ஸ்டீயரிங்கின் நடுவில், கைக்கு அடக்கமான தட்டையான உலோகக் குப்பி ஒன்றை வைக்கிறார்கள். அதன் பெயர் இன்ஃப்ளேட்டர். உள்ளே அழுத்திச் செய்த எரிபொருள் வில்லைகள் இருக்கும். மோதியவுடன் மின்சாரம் ஒரு சின்னத் திரியைப் பற்றவைக்கும், வில்லைகள் எரியும், வாயு குப்பியின் துளைகள் வழியாகப் பைக்குள் பாயும்.

இதில் உயிர்நாடியான விஷயம் வில்லைகள் எவ்வளவு வேகமாக எரிகின்றன என்பது. ஒரு விறகுக் கட்டையை அடுப்பில் வைத்தால் நிதானமாக எரியும். அதையே சிராயாகச் சீவிப் போட்டால் குப்பென்று பிடிக்கும். மரம் அதே மரம்தான், தீ தொடும் பரப்பு மட்டும் கூடியிருக்கிறது. வில்லைகளுக்கும் இதே கணக்கு. அவற்றின் வடிவம், அடர்த்தி, கெட்டித்தன்மை மூன்றையும் பொறியாளர்கள் அளந்து முடிவு செய்வது, எரிதல் இத்தனை வேகத்தில் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான். மூடிய குப்பிக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தம் கூடினால் எரிதல் வேகமாகும், வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் ஏறும். வில்லை கெட்டியாக இருக்கும்வரை துளைகள் வழியே வெளியேறும் வாயு இதைக் கட்டுக்குள் வைத்திருக்கும்.

சரி, அந்த வில்லை எதனால் ஆனது? தொடக்கக் காலத்து ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு இருந்தது. அது நச்சு. அப்புறம் வேறு சேர்மங்கள் வந்தன. 2000 வாக்கில் டகாட்டா அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. வயலுக்குப் போடும் உரம்தான் அது. விலை மலிவு. எரிந்தால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும், கசடு மிகக் குறைவு, அதனால் குப்பியைச் சிறிதாகச் செய்யலாம். காகிதத்தில் பார்த்தால் அருமையான தேர்வு.

ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, சுமார் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் படிக அமைப்பு மாறிக் கன அளவு கூடும், குளிர்ந்தால் மறுபடி சுருங்கும். இதைத் தடுக்க டகாட்டா அதோடு பொட்டாசியம் நைட்ரேட்டைச் சேர்த்தது. நம் பட்டாசுக்காரர்கள் வெடியுப்பு என்று சொல்வார்களே, அதுதான். அந்தத் திடீர் மாற்றம் அடங்கியது. இரண்டாவது குணம் அடங்கவில்லை: அது ஈரத்தை இழுக்கும்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கசிந்து, பிறகு காய்ந்து, கட்டி தட்டிப்போன உப்பு முன்பிருந்த உப்பு மாதிரி இருக்காது. குப்பிக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. பகலில் வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புறம் கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் குளிரிலும் உள்ளே புகுந்த ஈரம் வில்லைக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். வில்லை மெல்ல மெல்ல உப்பி, உள்ளே நுண்துளைகள் விழுகின்றன. கெட்டி விறகாக இருந்தது, பார்ப்பதற்கு விறகு போலவே இருக்கும் சிராய்க் குவியலாகிவிடுகிறது. இதற்கு வருடக்கணக்கில் ஆகும். கடைசியில் ஒரு நாள் வண்டி மோதும்போது எரிதல் எல்லை மீறி, துளைகள் போதாமல், உலோகக் குப்பியே பிளந்து சிதறுகிறது.

வாகன நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய விசாரணையின் முடிவு 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தைச் சரியாகத் தடுக்காத குப்பி, பல்லாண்டுக் கால வெப்ப ஏற்ற இறக்கம்: இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்ததே காரணம் என்றார்கள். புளோரிடாவும் மெக்சிகோ வளைகுடாக் கரையோர மாநிலங்களும் அதிக ஆபத்துள்ள பகுதியாக வகுக்கப்பட்டதும் இதனால்தான். வெக்கையும் புழுக்கமும் நிறைந்த மலேசியாவில் ஹோண்டா கார்களில் இதே விதமாக உயிர்கள் போயின. இந்தியாவிலும் ஹோண்டா தன் பழைய கார்களைத் திரும்ப அழைத்துக் குப்பியை மாற்றிக் கொடுத்தது. ஆனால் மேற்கு வர்ஜீனியா மலைநாடு. அங்கே நடந்த மரணம், வானிலை மட்டுமல்ல, குப்பி எந்தத் தொகுப்பில் செய்யப்பட்டது என்பதும் கணக்கில் வரும் என்று காட்டியது.

இனி, தாமதம். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

டகாட்டா குப்பிக்காக ஹோண்டா முதன்முதலில் கார்களைத் திரும்ப அழைத்தது 2008-இல், அதுவும் சுமார் 4,000 கார்களை மட்டும். பிறகு எண்ணிக்கை ஏறி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் குப்பிகள் என்றானது. அந்த நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய ரீகால், அதாவது திரும்ப அழைப்பு, கிடையாது. இத்தனை குப்பிகளை யார் உடனே செய்வது? ஒவ்வொரு மாடலுக்கும் அளவும் வடிவமும் வேறு. ஆட்டோலிவ், டைசெல் போன்ற போட்டி நிறுவனங்களும் மாற்றுக் குப்பி செய்ய வந்தன. பற்றாக்குறையால் சில வண்டிகளுக்கு அதே வகை டகாட்டா குப்பியையே புதிதாகப் போட்டு அனுப்பினார்கள். புதிது என்பதால் சில வருடம் தாங்கும், பிறகு மறுபடி மாற்ற வேண்டும். இருந்த சூழ்நிலையில் அது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை வந்துபோன வண்டிக்காரரை இரண்டாவது முறை வரவழைப்பது எவ்வளவு கடினம்!

ரேஞ்சர் போன்ற பழைய பிக்கப்புகளுக்கு இது இன்னும் கடினம். இந்த வண்டிகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ரீகால் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். வாங்கியவர் அதை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறார் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டீலரிடம் போய் நிற்க யோசிப்பார். ரீகால் வேலை முடியாத பழைய வண்டியை விற்பதை அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுப்பதுமில்லை. ஆக, வண்டிக்கு வயது ஏற ஏறக் குப்பி கெட்டுக்கொண்டே போகிறது, அதே வயது காரணமாக அந்த வண்டியைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் கைநழுவிக்கொண்டே போகிறது.

2016 ஜனவரியில், முதல் மரணத்துக்குப் பிறகு, ஃபோர்டு சுமார் 3,91,000 ரேஞ்சர்களைத் திரும்ப அழைத்தது. இரண்டாவது மரணமும் வந்த பின், 2018 ஜனவரியில், சுமார் 2,900 வண்டிகளின் உரிமையாளர்களிடம் இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள் என்று சொன்னது. அடுத்த மாதம் இன்னும் 33,000 வண்டிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இழுத்துப் போக வண்டி அனுப்பினார்கள், வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்பினார்கள், வேலை முடியும்வரை ஓட்ட வேறு வண்டியும் கொடுத்தார்கள். எல்லாம் இலவசம். நல்ல ஏற்பாடுதான். இரண்டு உயிர்கள் போன பிறகு வந்த ஏற்பாடு.

2007 முதல் 2011 வரையிலான ரேஞ்சர்களின் கதை வேறு. அவற்றின் குப்பிகளில் ஈரம் உறிஞ்ச கால்சியம் சல்ஃபேட் சேர்த்திருந்தார்கள். 2017-இல் டகாட்டா அந்த வகையும் குறைபாடுள்ளதே என்று அறிவித்தது. பாதுகாப்புக்கு இதனால் பாதிப்பில்லை, விலக்கு வேண்டும் என்று ஃபோர்டு அரசிடம் மனுப் போட்டது. மனு தள்ளுபடியானது 2021 ஜனவரியில். அதன் பிறகே சுமார் 30 லட்சம் ஃபோர்டு வண்டிகள் ரீகாலுக்குள் வந்தன. அந்த மூன்றரை வருடமும் வில்லைகள் வெயிலிலும் பனியிலும் காத்துக்கொண்டிருக்கவில்லை, மாறிக்கொண்டிருந்தன. சந்தேகம் வந்த பொருளை முதலில் கழற்றிவிட்டு அப்புறம் வாதாடலாம் என்ற ஒழுங்கு வேண்டும் என்பது என் கருத்து.

2022-இல் புளோரிடாவில் மறுபடியும் ஒரு 2006 ரேஞ்சர், மறுபடியும் ஒரு மரணம்.

2023-இன் தொடக்கத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. 2004 முதல் 2006 வரையிலான சுமார் 98,000 ரேஞ்சர்களில் முன்பு மாற்றிய பயணி பக்கத்துக் குப்பிகள் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்று ஃபோர்டு அவற்றையும் திரும்ப அழைத்தது. அதாவது கடிதம் கிடைத்து, நேரம் ஒதுக்கி, டீலரிடம் போய், வேலையை முடித்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்களின் வண்டிகள். அவர்களும் முன்கண்ணாடியின் கீழ் மூலை வழியாகத் தெரியும், எழுத்தும் எண்ணுமாகப் 17 குறிகள் கொண்ட அந்த வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி ஒரு முறை சரிபார்த்து, மறுபடி டீலரிடம் போக வேண்டியிருந்தது.