ஓரத்து ஆளை நடுவில் நிறுத்தினால்

2008 பிப்ரவரி 3. அரிசோனாவின் கிளெண்டேல் நகரில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்துக்கு, அந்தப் பருவத்தில் தோல்வியே காணாமல் 18 வெற்றிகளோடு வந்தது நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ். முதல் 16 ஆட்டங்களிலேயே 589 புள்ளிகள் குவித்த அணி. அன்று எடுத்தது 14. நியூயார்க் ஜயண்ட்ஸ் 17 எடுத்து வென்றது. பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர், டாம் பிரேடி. பந்தை எறியும் முன்பே அவர் 5 முறை தரையில் சாய்க்கப்பட்டார்.

அமெரிக்கக் கால்பந்தில் தற்காப்பின் முன்வரிசையில் பெரும்பாலும் நான்கு பேர். நடுவில் டிஃபென்சிவ் டேக்கிள் இருவர், சுமார் 140 கிலோ. இரு ஓரங்களிலும் டிஃபென்சிவ் எண்ட் இருவர், 120 கிலோவை ஒட்டிய வேகக்காரர்கள். ஜயண்ட்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ, எறிதல் வரும் என்று தெரிந்த கட்டங்களில் ஜஸ்டின் டக் என்ற எண்டை நடுவுக்கு நகர்த்தினார். ஓரங்களில் மைக்கேல் ஸ்ட்ரேஹனும் ஓசி உமென்யோராவும்.

இதில் முதல் லாபம் தூரம். குவாட்டர்பேக் ஆறரை மீட்டர் பின்னால் நிற்கிறார் என்று வைப்போம். ஓரத்திலிருந்து வளைந்து ஓடுபவர் எட்டரை மீட்டர் கடக்க வேண்டும்; நடுவில் இருப்பவருக்கு ஏழு மீட்டருக்குள் முடிந்துவிடும். விநாடிக்கு 5 மீட்டர் வேகமென்றால் மிச்சம் 0.3 விநாடி. பந்து கையை விட்டுப் போகவே இரண்டரை விநாடிதான் ஆகும் என்பதால், இது பெரிய மிச்சம்.

அடுத்தது, எதிரே நிற்கும் ஆள். நடுவைக் காக்கும் கார்ட், தன்னைப் போன்ற கனத்த உடம்போடு மார்புக்கு மார்பு முட்டி நிற்கப் பழகியவர். டேக்கிள் அவர் நெஞ்சில் மோதினால் விசை உடலின் மையம் வழியே போகும். கால்களை ஊன்றித் தாங்கிக்கொள்வார். எண்ட் அப்படி மோத மாட்டார். ஒரு தோளை மட்டும் குறிவைப்பார். மையத்தை விட்டு விலகி விழும் விசை உடலைச் சுழற்றும். கதவை நிலையோரம் தள்ளாமல் கைப்பிடியோரம் தள்ளுவது போல. கார்டின் இடுப்பு ஒருமுறை திரும்பிவிட்டால், அவருடைய 140 கிலோவால் பயனில்லை. எனக்கு இந்த உத்தியிலேயே மிக அழகாகப் படுவது இந்த இடம்தான்.

ஓரத்திலிருந்து ஆள் வந்தால் குவாட்டர்பேக் ஓரடி முன்னால் வைத்துத் தப்புவார். நடுவில் ஆள் வந்தால் அந்த ஓரடிக்கு இடமில்லை. முன்காலை ஊன்றாமல் எறியும் பந்துக்கு இடுப்பின் விசை கிடைக்காது. இலக்குக்கு எட்டாமல் விழும்.

எப்போதும் இப்படி நிறுத்த முடியாது. எதிரணி பந்தைச் சுமந்து ஓடத் தீர்மானித்தால், இரண்டு கனத்த ஆட்கள் சேர்ந்து தள்ளும்போது 120 கிலோ ஆள் பின்னுக்குப் போவார். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். அதனால்தான் பெரும்பாலும் மூன்றாவது டவுனுக்கு, அதுவும் நெடுந்தூரம் பாக்கியிருக்கும்போது, இந்த வரிசை வருகிறது. பின்னாளில் நான்கு எண்டுகளையும் ஒன்றாக இறக்கிய ஜயண்ட்ஸ், கார் பந்தயத்தின் பெயரால் அதை நாஸ்கார் என்றே அழைத்தது.

நால்வரே நெருக்கிவிடுவதால், மீதி ஏழு பேரும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களோடு இருக்கலாம். பிரேடிக்கு அன்று எறிய ஆள் கிடைக்கத் தாமதமானது. அந்தத் தாமதத்துக்குள் நால்வரில் ஒருவர் வந்து சேர்ந்தார். முதல் பாதியின் கடைசி நொடிகளில் பேட்ரியாட்ஸ் ஜயண்ட்ஸின் 44 கெஜக் கோட்டில் இருந்தபோது, டக் மோதியதில் பந்து பிரேடியின் கையிலிருந்து நழுவியது. உமென்யோரா அதன்மேல் விழுந்தார்.