ஆய்வக எலி: சொல் விளக்கம்

‘எலிகளுக்குக் கொடுத்ததில் மருந்து பலித்தது’ என்று செய்தி வருகிறது. எந்த எலிக்கு? ஆங்கிலத்தில் ‘ராட்’ வேறு, ‘மவுஸ்’ வேறு. தமிழில் எழுதும்போது இரண்டையும் எலி என்றே போட்டுவிடுகிறோம்.

‘எலி’ பழைய திராவிடச் சொல். மலையாளத்திலும் எலிதான், தெலுங்கில் எலுக. சுண்டெலியில் உள்ள ‘சுண்டு’ சிறியது என்று பொருள்படும், சுண்டுவிரலில் வருவதுபோல. ஆகவே ராட் என்பதற்கு ஆய்வக எலி, மவுஸ் என்பதற்கு ஆய்வகச் சுண்டெலி. புதுச்சொல் எதுவும் தேவையில்லை.

இது வெறும் சொல் சுத்தம் அல்ல. வளர்ந்த சுண்டெலி 20 முதல் 40 கிராம். எலி 250 முதல் 500 கிராம். உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்குரிய உடற்பரப்பு கூடும், மருந்தும் வேகமாகக் கழியும். அதனால் விலங்குக்கு உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்த மருந்தின் அளவை மனிதருக்கு மாற்றும்போது எலியின் அளவை 6.2ஆலும் சுண்டெலியின் அளவை 12.3ஆலும் வகுக்கிறார்கள். கிலோவுக்கு 100 மி.கி. வரை எலிக்குத் தீங்கில்லை என்றால், 60 கிலோ மனிதருக்கு அது சுமார் 970 மி.கி.க்குச் சமம். அதே 100 மி.கி. சுண்டெலிக்குரியது என்றால் 490 மி.கி.தான். (முதன்முதலில் மனிதருக்குத் தருவது வழக்கமாக இதில் பத்தில் ஒரு பங்கு.) உடலமைப்பும் வேறு: சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்குக் கிடையாது. இரண்டுக்கும் வாந்தி எடுக்க வராது. குமட்டல் மருந்துகளை ஃபெரட் என்ற விலங்கில் சோதிப்பது அதனால்தான்.

‘வெள்ளெலி’ வேண்டாம். அது நம் வயல்வெளி எலி ஒன்றின் பெயர். ஹாம்ஸ்டர் என்ற வேறொரு கொறிவிலங்குக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். மேலும் ஆய்வக எலிகள் எல்லாமே வெள்ளை அல்ல. நிறமி இல்லாத வெள்ளை எலியின் விழித்திரை கூண்டு வெளிச்சத்திலேயே கெடக்கூடும் என்பதால், கண்ணைப் பாதிக்கும் மருந்துகளுக்கு நிறமுள்ள எலிகளும் தேவைப்படுகின்றன.

ஆய்வக எலிகளின் வகைப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. ‘விஸ்டார்’ என்பது உடற்கூறியலாளர் காஸ்பர் விஸ்டார் பெயரில் 1892இல் பிலடெல்பியாவில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது. ‘ஸ்ப்ரேக்–டாலி’ வகையை 1925இல் உருவாக்கிய டாலி, தம் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார். ஆய்வக எலியின் அறிவியல் இனப்பெயரான ‘ராட்டஸ் நார்வெஜிகஸ்’ (நார்வே எலி) மட்டும் பிழையில் பிறந்தது. அந்த எலியின் தாயகம் ஆசியா, நார்வே அல்ல.

‘மக்களைச் சோதனை எலியாக்குகிறார்கள்’ என்ற வழக்கில் ஆங்கிலேயர் சொல்வது கினிப்பன்றியை. மேடைப் பேச்சுக்குச் சோதனை எலி போதும். ஆய்வு முடிவை எழுதும்போது எது எந்த விலங்கு என்று பிரித்தே எழுத வேண்டும்.